வாடகை வருகிறது... கையில் நிற்பது எவ்வளவு?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் என்ன செய்கிறார்கள்? பாட்டு கேட்கிறார்கள். படம் பார்க்கிறார்கள். பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். பள்ளிக்கூட புராஜெக்ட் வந்தால் நாலு படம் பிரிண்ட் எடுக்கிறார்கள். ஆறு மாதம் கழிந்ததும், "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் நமக்கு என்ன பயன்?" என்று வீட்டுப் பெரியவர் கேட்கத் தொடங்குகிறார்.

அந்தப் பெரியவர் தன் வீட்டின் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவராக இருந்தால், அவருக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய முதல் வேலை வாடகைக் கணக்கு. அதற்காகப் பணம் கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஒர்க்புக் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அதைத் தயாரித்து விடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? புதிதாக வீட்டை வாடகைக்கு விடுபவர்களில் பலர், மாதா மாதம் வருகிற வாடகை முழுவதையும் வருமானம் என்று நினைத்துச் செலவழித்து விடுகிறார்கள். வீட்டுக்கான செலவுகளோ மாதா மாதம் வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒன்று, நாலு வருடத்துக்கு ஒன்று, பத்து வருடத்துக்கு ஒன்று என்று மொத்தமாக வருகின்றன. அப்போது கையில் பணம் இருப்பதில்லை. கடன் வாங்குகிறார்கள் அல்லது ரிப்பேரைத் தள்ளிப் போடுகிறார்கள். இரண்டுமே வீட்டை அரிக்கிற கரையான்கள்.

இரண்டு ஊர்கள், பல வகைக் குடித்தனங்கள்

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக் கொள்வோம். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் விடலாம். ஆனால் வாடகைக்கு வருகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை.

ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து மில் வேலைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து கொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-ஆவது அணி அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல்களும் கோர்ட் ஊழியர்களும் வீடு தேடுவார்கள். பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. அதனால் மாணவர்களும் ஆசிரியர்களும் வீடு கேட்டு வருகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குடித்தனக்காரர் யார் என்பதைப் பொறுத்துச் செலவும் மாறுகிறது. மாணவர்களுக்கு விட்டால் படிப்பு முடிகிற மே மாதம் வீடு காலியாகலாம். அரசு ஊழியருக்கு விட்டால் டிரான்ஸ்பர் வந்ததும் பெட்டியைக் கட்டி விடுவார். மில் தொழிலாளி குடும்பம் பல வருடம் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த வருடங்கள் முழுவதும் வெள்ளையடிக்க வீடு காலியாகக் கிடைக்காது. நாலு பேர் தங்கும் மாணவர் அறையில் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரமும், கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீட்டில் ஓடும் நேரமும் ஒன்றாகுமா? ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் வாங்குகிற வாடகையைப் பார்த்து நம் வாடகையை முடிவு செய்வது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி செலவில் இருக்கிறது.

என்ன சாப்ட்வேர் வேண்டும்?

உங்கள் கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கிக் கொள்ளுங்கள். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராம் எக்ஸெல் செய்கிற வேலையைச் செய்யும். திருட்டு சிடியிலிருந்தோ, யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்தோ எக்ஸெல்லை இன்ஸ்டால் செய்யாதீர்கள். கூடவே வைரஸ் வந்தால் கணக்கும் போகும், கம்ப்யூட்டரும் போகும்.

புதிய ஒர்க்புக் ஒன்றைத் திறந்து கொள்ளவும். கீழே தெரியும் ஷீட் டேபில் டபுள் கிளிக் செய்தால் பெயர் மாற்றலாம். நான்கு ஷீட்கள் வேண்டும். வரவு, செலவு, வரப்போகும் செலவு, அட்வான்ஸ் என்று பெயர் கொடுங்கள். யூனிகோட் தமிழில் டைப் செய்திடுங்கள். அப்போதுதான் வேறு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியாமல் தமிழாகவே தெரியும்.

வரவு ஷீட்டில் தேதி, எந்த மாத வாடகை, யார் கொடுத்தது, தொகை, ரொக்கமா பேங்க்கா என்று ஐந்து கட்டங்கள் போதும். செலவு ஷீட்டில் தேதி, என்ன செலவு, யாருக்குக் கொடுத்தது, தொகை, பில் உண்டா இல்லையா என்று ஐந்து. இவை இரண்டும் நம் தாத்தா காலத்து நோட்டிலும் இருந்தவைதான். நோட்டில் இல்லாதது மூன்றாவது ஷீட். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது ஷீட் சொல்லும் உண்மை

வரப்போகும் செலவு என்ற ஷீட்டைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ1 செல்லில் செலவின் பெயர், பி1-ல் மொத்தத் தொகை, சி1-ல் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, டி1-ல் மாதப் பங்கு என்று தலைப்புகளை டைப் செய்திடுங்கள். இனி கீழே ஒவ்வொரு செலவாக எழுத வேண்டியதுதான்.

உதாரணத்திற்கு, மாதம் 6,000 ரூபாய் வாடகை வரும் ஒரு சிறிய வீட்டை எடுத்துக் கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக் கொண்டவை. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கொத்தனாரையும் பிளம்பரையும் கேட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

வெள்ளையடிப்பு, பெயின்ட்: 24,000 ரூபாய், 48 மாதத்துக்கு ஒரு முறை.
மொட்டை மாடி தட்டோடு வேலை: 36,000 ரூபாய், 120 மாதத்துக்கு ஒரு முறை.
சொத்து வரி: 1,800 ரூபாய், 6 மாதத்துக்கு ஒரு முறை.
குடிநீர்க் கட்டணம்: 600 ரூபாய், 6 மாதத்துக்கு ஒரு முறை.
மோட்டார் காயில் கட்டுவது, ரிப்பேர்: 7,200 ரூபாய், 48 மாதத்துக்கு ஒரு முறை.
செப்டிக் டேங்க் சுத்தம்: 3,600 ரூபாய், 36 மாதத்துக்கு ஒரு முறை.
குழாய், வயரிங் சில்லறை வேலை: 2,400 ரூபாய், 12 மாதத்துக்கு ஒரு முறை.
வீடு காலியாகக் கிடக்கும் மாதம்: 6,000 ரூபாய், 24 மாதத்துக்கு ஒரு முறை.

இப்போது டி2 செல்லில் கிளிக் செய்திடுங்கள். சமக்குறியைத் தட்டவும். மவுஸால் பி2 செல்லைக் கிளிக் செய்து, வகுத்தலுக்கான சாய்வுக் கோட்டைத் தட்டி, சி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். 500 என்று விடை வரும். டி2 செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து டி9 வரை இழுத்து விடுங்கள். மற்ற விடைகள் தாமாகவே வந்து உட்காரும். டி10 செல்லில் கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் மொத்தம் கிடைக்கும்.

எவ்வளவு வருகிறது? 1,900 ரூபாய். அதாவது 6,000 ரூபாய் வாடகையில் உங்களுடையது 4,100 ரூபாய்தான். மீதி 1,900 ரூபாய் அந்த வீட்டினுடையது. இன்று யாரும் வந்து கேட்காததால் அது உங்கள் பையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த ஒரு எண் தெரிந்தவர் ஏமாறுவதில்லை. தனி சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வாடகை வந்த அன்றே 1,900 ரூபாயை அதில் போட்டு விடுங்கள். நாலு வருடம் கழித்துப் பெயின்டர் வரும்போது நகையை அடகு வைக்க வேண்டியிருக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வருமான வரிச் சட்டமும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் சொல்கிறது. ஆண்டு வாடகையிலிருந்து வீட்டுக்காரர் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழித்துக் கொள்ளலாம். நீங்கள் செலவழித்தீர்களா இல்லையா என்று கேட்பதில்லை. நம் உதாரணத்தில் ஆண்டு வாடகை 72,000. சொத்து வரி 3,600 போக 68,400. அதில் 30 சதவீதம் 20,520 ரூபாய். நம் ஷீட்டில் சொத்து வரி நீங்கலாக மற்ற செலவுகள் மாதம் 1,600, ஆண்டுக்கு 19,200 ரூபாய். சட்டம் போட்டவர்கள் சும்மா போடவில்லை என்று தெரிகிறதல்லவா? வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறைக்கும் புதிய வரி முறைக்கும் விதிகள் வேறுபடுகின்றன. ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனால் அவருக்கும் வேலை சுலபம்.

அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல

நான்காவது ஷீட்டுக்கு வருவோம். புது வீட்டுக்காரர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். அட்வான்ஸாக 18,000 ரூபாய் வருகிறது. அன்றே அது வாசலுக்குக் கிரில் கேட்டாகவோ, பையனுக்கு வண்டியாகவோ மாறி விடுகிறது. இரண்டு வருடம் கழித்துக் குடித்தனக்காரர் காலி செய்யும்போது, "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இல்லாமல் தவிப்பார்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிறது அது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக் கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்தாரா இல்லையா என்பது கணக்கில் வராது.

ஆகவே அட்வான்ஸ் ஷீட்டில் பெயர், வாங்கிய தேதி, தொகை, எந்த பேங்க்கில் போட்டிருக்கிறது என்று எழுதுங்கள். வரவு ஷீட்டில் அதை எழுதவே கூடாது. எழுதினால் மொத்தம் வீங்கித் தெரியும், நாமும் வீங்கிப் போவோம்.

ஒத்திக்கு விட்டால் லாபமா?

தென் மாவட்டங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. வாடகைக்குப் பதில் ஒத்திக்கு விடுவது. பெரிய தொகை ஒன்றை மொத்தமாக வாங்கிக் கொண்டு வீட்டைக் கொடுத்து விடுவோம். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். மொத்தமாகப் பணம் வருகிறதே என்று பலருக்கு இதில் ஆசை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே 6,000 ரூபாய் வாடகை வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்திக்கு விடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் இழப்பது ஆண்டுக்கு 72,000 ரூபாய். 5 லட்சத்துக்கு அது 14.4 சதவீதம். அதாவது 14.4 சதவீத வட்டிக்கு நீங்கள் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்க்கில் போட்டால் வருவது 35,000 ரூபாய்தான். ஆண்டுக்கு 37,000 ரூபாய் நஷ்டம். மாடி ஒழுகினால் செலவும் உங்களுடையதே. ஆனால் 24 சதவீத வட்டிக்கு வெளியில் வாங்கிய கடனை அடைக்க அந்த 5 லட்சம் உதவுமானால் ஒத்தி லாபம்தான். ஆக, ஒத்தி நல்லதா கெட்டதா என்று ஊரைக் கேட்காதீர்கள். ஷீட்டைக் கேளுங்கள். எப்படியானாலும் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்து கொள்வதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

செலவைக் குறைக்கச் சரியான இடங்கள்

செலவைக் குறைப்பது என்றதும் ரிப்பேரைத் தள்ளிப் போடுவதுதான் பலருக்கு நினைவு வருகிறது. என் கருத்தில் அதைவிட வீண் செலவு வேறில்லை. "அண்ணாச்சி, மச்சுல ஈரம் இறங்குது" என்று குடித்தனக்காரர் செப்டம்பரில் சொன்னால், அது அவர் நமக்குச் செய்கிற உதவி. தட்டோட்டில் விழுந்த கீறலை அப்போதே பூசினால் சில நூறு ரூபாயில் முடியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு தண்ணீர் கான்கிரீட்டில் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து விட்டால், சீலிங் பூச்சு பெயர்ந்து விழும். அப்போது ஆயிரங்களில் பேச வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும் மாடித் தண்ணீர் போகும் குழாய்களில் அடைப்பு எடுப்பது என்று மொபைல் போனில் ஒரு ரிமைண்டர் வைத்து விடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

வேறு எங்கே குறைக்கலாம்?

முதலாவது, சொத்து வரி. 2022-ல் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், பெரிய வீடுகளுக்கு அதற்கும் மேல். இதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டி விட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது. நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரிலேயே கட்டி ரசீதை சேவ் செய்திடலாம். தாமதித்தால் அபராதம் சேரும்.

இரண்டாவது, கரண்ட் மீட்டர். பழைய லைன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் இருக்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் 240 யூனிட் செலவழிப்பதாக வைத்துக் கொண்டால், ஒரே மீட்டரில் 480 யூனிட் ஓடும். 100 போக 380 யூனிட்டுக்குக் காசு. தனித்தனி மீட்டர் என்றால் 140-ம் 140-ம் சேர்ந்து 280 யூனிட்டுக்குத்தான் காசு. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுவதால் வித்தியாசம் இன்னும் கூடும். தனி மீட்டருக்கு ஒரு முறை ஆகும் செலவை இந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று தெரிந்து விடும். பில்லை யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டையும் அன்றோடு தீரும்.

மூன்றாவது, தண்ணீர். ராஜபாளையத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கிறதா என்று ஊரே பார்த்துக் கொண்டிருக்கும். மழை பொய்த்த ஆண்டின் கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வரலாம். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி விடுங்கள். ஏப்ரல் மாதத்து வெயிலில் தொட்டிப் பக்கம் நின்று பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல அது.

நான்காவது, எந்த ரிப்பேர் யாருடையது என்ற தகராறு. இதற்கும் அதே சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வேறு விதமாக எழுதிக் கொள்ளாத வரை, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரருடையவை. டேப் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. இந்தப் பட்டியலைத் தமிழில் டைப் செய்து, ஒரு பிரிண்ட் எடுத்து, சாவி கொடுக்கும் அன்று அவர் கையில் கொடுத்து விடுங்கள். நம் பக்கத்து வேலையை நாம் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக் கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் குறைந்த ரேட்டைத் தேடாதீர்கள். செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். விஷ வாயுவில் உயிர்கள் போயிருக்கின்றன. மெஷின் லாரிக்கு ஆகும் தொகையை ஷீட்டில் எழுதி மாதா மாதம் ஒதுக்கி விட்டால், நூறு ரூபாய் விஷயமாகத்தான் அது முடியும்.

வாடகையை உயர்த்தலாமா?

ஷீட் தயாரானதும் சிலருக்குக் கோபம் வரும். "இவ்வளவுதான் நிற்கிறதா? அடுத்த மாதமே ஆயிரம் ரூபாய் ஏற்றி விடுகிறேன்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். அதையும் கம்ப்யூட்டரிடமே கேட்கலாம்.

மாதம் 500 ரூபாய் ஏற்றினால் வருடத்துக்கு 6,000 ரூபாய் கூடுதல். ஆனால் ஒழுங்காக வாடகை கொடுத்து வந்த குடும்பம் அதனால் காலி செய்து போய் விட்டால்? இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 12,000 ரூபாய் போச்சு. புது ஆள் வருவதற்கு முன் வெள்ளையடிக்க இன்னொரு 24,000. கூடுதலாக வரும் 6,000-ஐக் கொண்டு அந்த 36,000-ஐ ஈடு செய்ய 6 வருடம் ஆகும். நல்ல குடித்தனக்காரர் இருப்பதும் ஒரு வரவுதான். ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவது என்பதை முதலிலேயே பேசி ஒப்பந்தத்தில் எழுதி விட்டால் இருவருக்கும் அதிர்ச்சி இருக்காது.

வேறு சிலர் வீட்டின் மதிப்போடு ஒப்பிடுவார்கள். 25 லட்சம் போட்டுக் கட்டிய வீட்டில் மாதம் 4,100 வீதம் ஆண்டுக்கு 49,200 ரூபாய் நின்றால் 2 சதவீதம்கூட இல்லை. பேங்க் வட்டி இதைவிட அதிகம். உண்மைதான். மனையின் விலை ஏறலாம் என்ற நம்பிக்கையில்தான் வீடு நிற்கிறது. இது தெரிந்திருந்தால், ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் கொண்டு இரண்டாவது மாடி கட்டுவதற்கு முன் ஒரு முறை யோசிப்போம். கட்டி முடித்து விட்டு யோசிப்பதைவிட அது நல்லது.

பைலைப் பத்திரமாக வையுங்கள்

கணக்குப் போட்டால் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் வீட்டு வாடகை என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதற்குள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு போல்டர். பில்களையும் வரி ரசீதுகளையும் மொபைல் போனில் படம் எடுத்து, தேதியையும் வேலையையும் பெயராகக் கொடுத்து இந்த போல்டரில் போட்டு விடுங்கள். கடைக்காரர் தரும் வழவழப்பான மெஷின் பில்லில் எழுத்து நாளடைவில் மங்கி விடும். படம் மங்காது.

மாதம் ஒரு முறை, வாடகையை என்ட்ரி செய்த கையோடு, பைலை பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள். பென் டிரைவைக் கம்ப்யூட்டர் மேசையிலேயே வைக்காமல் பீரோவில் வையுங்கள். உங்கள் இமெயில் முகவரிக்கே ஒரு காப்பி அனுப்பிக் கொள்வதும் நல்லது. ஹார்ட் டிஸ்க் சொல்லி விட்டுப் பழுதாவதில்லை.

குடித்தனக்காரர் கொடுத்த ஆதார் நகலும் போன் நம்பரும் உங்களிடம் இருக்கும். அவை அவருடைய சொத்து. அந்த பைலுக்கு பாஸ்வேர்ட் கொடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் திறந்து பார்க்கும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

உங்கள் கணக்கை மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் திறந்து காட்டுங்கள். எந்த வீட்டு அட்வான்ஸ் எவ்வளவு, எந்த பேங்க்கில் இருக்கிறது என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவருக்கு ஒன்று ஆகும்போது குடும்பமும் குடித்தனக்காரரும் சேர்ந்து திண்டாடுவார்கள்.

இதற்கெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் படிப்பு வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் மூன்றும் தெரிந்தால் போதும். மாதம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த மாத வாடகை கைக்கு வருவதற்குள் மூன்றாவது ஷீட்டை மட்டுமாவது தயாரித்து விடுங்கள். டி10 செல்லில் எந்த எண் வந்தாலும் சரி, அந்தத் தொகையை வாடகையிலிருந்து முதலில் எடுத்து வைத்து விட்டு, அதன் பிறகு மளிகைக் கடைக்குப் போங்கள்.